வருடப்பிறப்புக்கு முதல் நாள் தோற்ற ஆட்டம்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ், பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் தொடர்களில் அந்த ஆண்டின் முதலாவது ஆட்டத்துக்காகக் களமிறங்கியபோது, ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா பயத்தம் பணியாரத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சித்திரை வருடப்பிறப்பு. விளம்பி முடிந்து விகாரி பிறக்க ஏறக்குறைய அரை நாளே மீதமிருந்தது. வீட்டைக் கழுவித் துடைப்பது, கைவிசேடத்துக்குப் புதுத் தாள்களை எடுத்து வைப்பது, கோவிலில் மருத்துநீர் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று விசாரிப்பது என்று அந்த மாலையில் ஆளுக்கொரு வேலை இருக்கும். அந்த ஆண்டு மட்டும் அண்ணா, மாமா, மச்சான், நான் ஆகிய நால்வரும் எல்லாவற்றையும் முற்பகலிலேயே முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பேஸ்மென்டுக்குள் இறங்கிவிட்டோம். முடிக்கவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் எங்களைத் தடுக்கவில்லை. இந்த முறை பிழைக்காது என்று நாங்கள் இரண்டு வாரமாகச் சொன்னதை அவரும் ஓரளவு நம்பியிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நம்புவதற்குக் காரணங்கள் இருந்தன. ராப்டர்ஸ் 58 வெற்றி, 24 தோல்வி என்ற கணக்கோடு கிழக்குப் பிரிவில் இரண்டாம் இடத்தில் இருந்தது. எதிரே வந்த ஒர்லாண்டோ மெஜிக் 42 வெற்றி, 40 தோல்வியோடு ஏழாம் இடத்தில் இருந்தது; 2012க்குப் பிறகு அந்த அணி பிளேஓஃப் பக்கம் வந்ததே அப்போதுதான். முந்தைய கோடையில் எங்கள் அணித் தலைமை, ஒன்பது பருவங்கள் ரொறன்ரோவுக்காக ஆடிய டெமார் டெரோஸனை சான் அன்ரோனியோவுக்கு அனுப்பிவிட்டுக் கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் கொண்டுவந்திருந்தது. பிப்ரவரியில் மார்க் கசோல் வந்து சேர்ந்தார். லெனார்டின் உடம்பைக் காப்பதற்காக 82 ஆட்டங்களில் 60 ஆட்டங்களுக்கு மட்டுமே அவரை இறக்கினார்கள். மற்ற 22 ஆட்டங்களிலும் அவர் சாதாரண உடையோடு ஓரத்தில் இருந்ததை நாங்கள் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொண்டது, இந்த ஒரு மாலைக்காக அவரைச் சேமித்து வைக்கிறார்கள் என்ற எண்ணத்தில்தான். சீட்டுக் கட்டியவர் தன் முறை வரும் மாதத்துக்காகக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தோம் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே புரியும்.

ஆட்டத்தை முழுவதுமாக விவரிக்கப்போவதில்லை, அதன் கடைசி நிமிடம் போதும். புள்ளிகள் 101க்கு 101 என்று சமநிலையில் நின்றன. பந்து ஒர்லாண்டோவின் டி.ஜே. ஒகஸ்டினிடம் இருந்தது. அவர்களுடைய உயரமான ஆட்டக்காரர் நிக்கோலா வூச்செவிச் வந்து, தடுப்பவரின் வழியில் உடம்பைக் கொடுத்து மறிப்புப் போட்டபோது, லெனார்டுக்கும் கசோலுக்கும் இடையில் யார் யாரைப் பிடிப்பது என்பதில் கண நேரக் குழப்பம் ஏற்பட்டது. அந்த இடைவெளியில் ஒகஸ்டினுக்கு முன்னால் எவரும் இருக்கவில்லை. அவர் அவசரமே இல்லாமல், பயிற்சியில் எறிவதுபோல, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தார். பந்து வலைக்குள் இறங்கியபோது கடிகாரத்தில் 3.4 விநாடிகள் இருந்தன. பதிலுக்கு லெனார்ட் எறிந்தது உள்ளே போகவில்லை. 104க்கு 101. லெனார்ட் 25 புள்ளிகளும் பஸ்கால் சியாக்கம் 24 புள்ளிகளும் எடுத்திருந்தார்கள். ஒகஸ்டினும் 25 எடுத்திருந்தார். எங்கள் அணியின் கைல் லோரி ஏழு முறை எறிந்து ஒன்றுகூட உள்ளே போகாமல் பூச்சியத்தோடு ஆட்டத்தை முடித்திருந்தார்.

பேஸ்மென்டில் யாரும் கத்தவில்லை என்பது இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. வழக்கமான ஆட்டம் ஒன்றில் தோற்றால் அண்ணா நடுவரைத் திட்டுவார், மாமா பயிற்சியாளரைத் திட்டுவார், மச்சான் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்வான். அன்று மாமா எழுந்து, போர்த்தியிருந்த சால்வையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை. ஐந்து மணிக்கு எங்கள் எல்லாரையும்விட அதிக நம்பிக்கையோடு இருந்தவர் அவர்தான். ஆனால் தோல்வி வந்த கணமே, அது வரும் என்று தமக்கு எப்போதும் தெரிந்திருந்ததாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். அந்த இரவில் ரொறன்ரோ முழுவதும் பல்லாயிரம் பேர் இதே சொற்களைச் சொல்லியிருப்பார்கள். பழைய அடி விழுந்த இடத்திலேயே மறுபடியும் அடிபட்டவர், புதிய அடியின் அளவைப் பார்ப்பதில்லை அல்லவா.

நான் பேசவில்லை, எழுதினேன். நான் கணக்காளர், மார்க்கம் நகரில் ஒரு சிறிய அலுவலகத்தில் வருமானவரிப் படிவங்கள் தயாரிப்பது என் வேலை. ஏப்ரல் 30 கடைசி நாள் என்பதால் அந்த மாதம் முழுவதும் என் தலைக்குள் எண்களைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. குடும்பத்துக்கான வாட்ஸப் குழுவில் நான் போட்ட செய்தி இதுதான்: "லோரியின் வரிப் படிவத்தை நானே இலவசமாக நிரப்பித் தருகிறேன். வருமானம்: பூச்சியம்." லண்டனில் இருக்கும் சித்தி உட்படப் பதினோரு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். சித்திக்கு லோரி யார் என்றே தெரியாது.

அந்தச் செய்தியில் இருந்த கசப்பு ஓர் ஆட்டத்தில் ஊறியது அல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

ராப்டர்ஸ் முதன்முதலில் பிளேஓஃபுக்குள் நுழைந்தது 2000ஆம் ஆண்டில். நியூயோர்க் அணியுடனான முதல் ஆட்டத்தில் தோற்று, தொடரையும் மூன்றுக்குப் பூச்சியம் என்று இழந்தது. அப்போது நாங்கள் கனடாவுக்கு வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன; அணியின் அப்போதைய நட்சத்திரம் வின்ஸ் கார்ட்டரின் படம் போட்ட ஊதா நிறச் சட்டை ஒன்றை அண்ணாவும் நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனோம். 2001இல் மறுபடியும் நியூயோர்க்கிடம் முதல் ஆட்டத்தை இழந்து, ஆனால் தொடரை வென்று, அடுத்த சுற்றில் பிலடெல்பியாவின் சொந்த அரங்கிலேயே முதல் ஆட்டத்தை வென்றார்கள். அணியின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு தொடரின் முதல் ஆட்டத்தை வென்றது அதுதான். அடுத்த முறை அப்படி வெல்வதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆகும் என்று அன்று எவராவது சொல்லியிருந்தால் அண்ணா அவரோடு சண்டைக்குப் போயிருப்பார்.

2002இல் முதல் ஆட்டத் தோல்வி டெட்ரோயிட்டிடம், 85க்கு 63. 2007இல் நியூஜெர்சி, அதுவும் எங்களை விட்டுப் போன கார்ட்டர் ஆடிய அணி. 2008இல் இதே ஒர்லாண்டோ. பிறகு ஐந்து ஆண்டுகள் பிளேஓஃபே இல்லை. 2014இல் திரும்பி வந்தபோது நகரமே மேப்பிள் லீஃப் சதுக்கத்தின் பெரிய திரைக்கு முன்னால் கூடிவிட்டது. அணியின் பொது முகாமையாளர் மசாய் உஜிரி அந்தக் கூட்டத்துக்கு முன்னால் புரூக்ளினைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி 25,000 டொலர் தண்டம் கட்டினார். அதே பகலில், பந்தை எறிய அணிக்குள்ள 24 விநாடிகளைக் காட்டும் அரங்கத்தின் கடிகாரம் பழுதாகி, ஒலிபெருக்கியில் ஒருவர் விநாடிகளை வாயால் எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் 94க்கு 87 என்று தோற்றது. கடிகாரமே ஒத்துழைக்காத அணி என்று மச்சான் அப்போது சொன்னது எங்கள் வீட்டில் பழமொழிபோல நிலைத்துவிட்டது. இன்றும் சமையலறை மணிக்கூடு நின்றால் அதைத்தான் சொல்கிறோம்.

2015இல் வோஷிங்டனிடம் மேலதிக நேரத்தில் தோற்று, அத்தொடரில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறினார்கள். 2016இல் மூன்று தொடர்கள் ஆடினார்கள், மூன்றிலும் முதல் ஆட்டம் தோல்வி. அவற்றில் இரண்டாவதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மயாமிக்கு எதிரான அந்த ஆட்டத்தில், நேரம் முடியும் கணத்தில் அரைக்கோட்டுப் பக்கத்திலிருந்து லோரி வீசிய பந்து உள்ளே போய் ஆட்டத்தை மேலதிக நேரத்துக்குக் கொண்டுசென்றது. மேல்மாடியில் உறங்கிக்கொண்டிருந்த அம்மா பயந்து எழும்பும் அளவுக்கு நாங்கள் கத்தினோம். ஐந்து நிமிட மேலதிக நேரத்துக்குப் பிறகு 102க்கு 96 என்று அதுவும் போய்விட்டது. பார்வையாளர்கள் போன பிறகு, வெற்று அரங்கில் லோரி தனியே திரும்பிவந்து எறிந்து பழகினார் என்ற செய்தி மறுநாள் வந்தது. சிலர் அதை உழைப்பு என்றார்கள், சிலர் நாடகம் என்றார்கள். அவருடைய எறிவுகள் உள்ளே போகாத நாட்களில் அவர் செய்த எதுவும் அவருக்கு நல்லதாகப் போனதில்லை.

2017இல் மில்வோக்கி, கிளீவ்லாந்து என்று மேலும் இரண்டு. 2018 ஏப்ரலில் வோஷிங்டனை 114க்கு 106 என்று வென்று, தொடர்ச்சியாகப் பத்து முதல் ஆட்டங்களை இழந்திருந்த சாபத்தை முறித்தபோது, மாமா தேங்காய் உடைக்க வேண்டும் என்றார். உடைத்தும்விட்டார், வாகனத் தரிப்பிடத்தில், பனிக்குள். இரண்டு வாரங்கள் கழித்து லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லாந்து வந்தது. வழமையான 48 நிமிடங்களில் ஒரு விநாடிகூடப் பின்தங்காத ராப்டர்ஸ், கடைசி விநாடிகளில் கூடையின் விளிம்பிலேயே பந்தை மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்தும் ஒன்றும் உள்ளே விழாமல், மேலதிக நேரத்தில் 113க்கு 112 என்று தோற்றது. அந்த ஒரு புள்ளி முழுத் தொடரையும் நான்குக்குப் பூச்சியம் என்று இழுத்துக்கொண்டு போனது. 59 ஆட்டங்களை வென்று கொடுத்த பயிற்சியாளர் டுவேன் கேசி வேலையை இழந்தார். வேலை போன பிறகு அவருக்கே அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது. கோடையில் டெரோஸனும் போனார். டெரோஸன் லோரியின் மிக நெருங்கிய நண்பர்.

இப்போது ஒர்லாண்டோ ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். அன்று களத்தில் நின்ற லெனார்டுக்கும் கிரீனுக்கும் கசோலுக்கும் இந்த வரலாற்றில் எந்தப் பங்கும் இல்லை. லெனார்டும் கிரீனும் 2014இல் சான் அன்ரோனியோவோடு கிண்ணம் வென்றவர்கள். ரொறன்ரோவின் முதல் ஆட்டங்கள் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. கேசியின் இடத்துக்கு வந்த நிக் நர்ஸ், ராப்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளராக ஆடவைத்த முதல் பிளேஓஃப் ஆட்டம் அது. 2014 முதலான ஒவ்வொரு முதல் ஆட்டத்திலும் நின்றவர் என்று அந்தக் களத்தில் இருந்தது லோரி ஒருவர்தான். எங்கள் கோபம் போய் இறங்குவதற்குத் தெரிந்த முகம் வேறெதுவும் இருக்கவில்லை. கடைசிப் பந்தில் குழம்பியவர்கள் லெனார்டும் கசோலும். ஆனால் எங்கள் குழுவில் அன்றிரவு வந்த செய்திகளில் கசோலின் பெயர் இரண்டு முறையும் லெனார்டின் பெயர், அந்தக் கோடையில் அவர் எங்களை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தோடு, மூன்று முறையும் வந்தன. மற்றவை எல்லாம் லோரி. வீட்டில் என்ன உடைந்தாலும் மூத்த பிள்ளைக்கு அடி விழும் கதை.

வெற்றி எறிவை எறிந்த ஒகஸ்டினின் கதையும் எங்களுக்கு வசதியாக மறந்திருந்தது. 2013ஆம் ஆண்டுக் கோடையில் அவரை ஒப்பந்தம் செய்ததும், சில ஆட்டங்களே ஆடவிட்டு டிசம்பரில் விடுவித்ததும் இதே ராப்டர்ஸ்தான். மச்சான் அதை இரவு பதினொரு மணிக்குக் கண்டுபிடித்துக் குழுவில் போட்டான். அதன் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, புது உடுப்போடு கோவிலுக்குப் போனோம். பூசை முடிந்து பொங்கலுக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற இரு பெரியவர்கள், பொருத்தமே இல்லாத குளிர்க் கோட்டுகளுக்குள் வேட்டி கட்டியவர்கள், ஒர்லாண்டோவின் மறிப்பைப் பற்றிக் கைகளால் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வூச்செவிச்சாக நின்றார், மற்றவர் ஒகஸ்டினாக அவரைச் சுற்றி வந்தார். ஐயர் வரிசையை ஒழுங்குபடுத்தச் சொன்ன பிறகே நிறுத்தினார்கள். வருடத்தின் முதல் நாளில் தோல்வியைப் பற்றிப் பேசக் கூடாது என்று அம்மா காரிலேயே எங்களிடம் சொல்லியிருந்தார். கோவிலுக்குள் அந்தக் கட்டளையை மீறாதவர்கள் நாங்கள் நால்வர் மட்டும்தான் என்று தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து ஆடியவர் அம்மா. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கட்டளையைத் தாமே மீறி, "அந்தப் பூச்சியம் எடுத்த பெடியன் எத்தனை பந்து மற்றவைக்குக் குடுத்தவன்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

எட்டு. எட்டு முறை லோரி கொடுத்த பந்திலிருந்து மற்றவர்கள் புள்ளி எடுத்திருந்தார்கள். அன்றிரவு, விருந்தினர்கள் போன பிறகு, ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தேன். எட்டு உதவிகள், ஏழு மீள்பந்துகள் (உள்ளே போகாமல் திரும்பிய பந்தைக் கைப்பற்றியவை). அதற்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் என்று ஒரு நிரல் இருக்கும். ஓர் ஆட்டக்காரர் களத்தில் நின்ற நேரத்தில் அவருடைய அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக அல்லது குறைவாக எடுத்தது என்பதைச் சொல்லும் எண் அது. லோரிக்கு எதிரே கூட்டல் 11 என்று இருந்தது. அணியிலேயே அதுதான் அதிகம். மூன்று புள்ளிகளால் தோற்ற ஆட்டத்தில் ஒருவர் நின்ற நேரம் கூட்டல் 11 என்றால், அவர் வெளியே அமர்ந்திருந்த நேரத்தில் கழித்தல் 14 ஆகியிருக்க வேண்டும். அதாவது பூச்சியம் எடுத்தவர் களத்தில் நின்றவரை வென்றுகொண்டிருந்தோம், அவர் உட்கார்ந்தபோது தோற்றோம். ஓர் ஆட்டத்தின் கூட்டல் கழித்தலை மட்டும் வைத்து எவரையும் எடைபோடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவரோடு யார் நின்றார்கள், எதிரே யார் நின்றார்கள் என்பவை எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. ஆனாலும், வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கை மூடும் ஒருவரை நான் என் அலுவலகத்தில் ஒரு வாரம்கூட வேலைக்கு வைத்திருக்க மாட்டேன். சனிக்கிழமை இரவு நான் செய்தது அதைத்தான்.

விழித்துக்கொண்ட குற்ற உணர்வில் இன்னொரு கணக்கும் போட்டேன். 2000 முதல் 2018 வரை ராப்டர்ஸ் ஆடிய பதினைந்து தொடர்களில் முதல் ஆட்டத்தை இழந்தவை பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றில் நான்கு தொடர்களை ராப்டர்ஸ் வென்றிருந்தது: 2001இல் நியூயோர்க், 2016இல் இண்டியானாவும் மயாமியும், 2017இல் மில்வோக்கி. முதல் ஆட்டத்தை வென்ற இரண்டு தொடர்களில் ஒன்றை வென்று ஒன்றை இழந்திருந்தது. ஏழு ஆட்டத் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்கள் சொந்த அரங்கிலும் அடுத்த இரண்டு எதிரணியின் அரங்கிலும் நடப்பதால், சொந்த அரங்கில் முதல் ஆட்டத்தை இழப்பவர் பிறகு எதிரணியின் வீட்டில் போய் ஒன்றையாவது பறித்துவர வேண்டும்; அதைச் சுமை என்று சொல்லலாம், மரணம் என்று சொல்ல முடியாது. எங்கள் நினைவிலோ நான்கு வெற்றிகளும் எங்கேயோ போய்விட்டன, பதின்மூன்று தோல்விகள் மட்டும் தினந்தோறும் தூசு தட்டி வைத்ததுபோலப் பளபளத்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்த ஏழு வாடிக்கையாளர்களில் ஐந்து பேர் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், ஐந்து பேரும் லோரியைத்தான் பேசினார்கள். பாரவண்டி ஓட்டும் ஒருவர், தமது மருத்துவச் செலவுப் பற்றுச்சீட்டுகளை மேசையில் பரப்பியபடி, அந்த ஆளை இப்போதே விற்றுவிட வேண்டும் என்றார். பிளேஓஃப் நேரத்தில் ஆட்டக்காரரை மாற்ற முடியாது என்று சொன்னேன். அப்படியானால் உட்கார வைக்க வேண்டும் என்றார். கூட்டல் 11 பற்றிச் சொன்னேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பதினொன்றை வைச்சு என்ர வரியைக் குறைப்பீரோ?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் எவருக்கும் விளக்கவில்லை. எண்ணை நம்ப வைப்பதற்கு முதலில் கேட்பவரின் நோவு அடங்கியிருக்க வேண்டும்; சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில் இருந்த அந்த இரண்டு நாட்களில் ரொறன்ரோவில் எவருக்கும் அது அடங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஆட்டத்தை ராப்டர்ஸ் 111க்கு 82 என்று வென்றது. லெனார்ட் 37, லோரி 22. லோரியின் முதல் பந்து உள்ளே விழுந்ததும் மாமா எழுந்து நின்று கைதட்டினார். சனிக்கிழமை லோரியைப் பற்றிச் சொன்னவற்றை நாங்கள் மாமாவுக்கு நினைவூட்டவில்லை, மாமாவும் என் செய்தியைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது ஆட்டம் ஒர்லாண்டோவில் 98க்கு 93. நான்காவது ஆட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை. அது ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்த நாள். அதிகாலையிலிருந்து எல்லாருடைய கைகளிலும் தொலைபேசி இருந்தது. வருடப்பிறப்பு வாழ்த்துகளும் லோரியும் இருந்த அதே வாட்ஸப் குழுவில் மட்டக்களப்பில் இருக்கும் உறவினர் ஒவ்வொருவரின் பெயரும் வந்து, அதற்குக் கீழே "கதைச்சிட்டோம்" என்ற ஒற்றைச் சொல் வந்துகொண்டிருந்தது. ஆட்டம் வென்றதை மறுநாள் காலையில்தான் அறிந்தேன். ஐந்தாவது ஆட்டத்தோடு தொடர் முடிந்தது, நான்குக்கு ஒன்று.

பிறகு நடந்தவை உலகத்துக்கே தெரியும் என்பதால் விரைவாகக் கடக்கிறேன். பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் லெனார்டின் எறிவு வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. அடுத்து மில்வோக்கி. மே 15ஆம் திகதி, அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தையும் ராப்டர்ஸ் இழந்தது, 108க்கு 100. அந்தத் தோல்வியில் லோரி 30 புள்ளிகள் எடுத்திருந்தார். நான்காவது காற்பகுதியில் அவரைத் தவிர வேறெந்த ராப்டர்ஸ் ஆட்டக்காரரும் களத்திலிருந்து எறிந்து ஒரு கூடைகூட எடுக்கவில்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முதல் ஆட்டத் தோல்விகள். ஒன்றில் பூச்சியம், மற்றதில் முப்பது. முதலாவதற்கு நகரமே அவர்மேல் பாய்ந்தது. இரண்டாவதற்கு அவரைப் பாராட்டியவர்கள் இருந்தார்கள், ஆனால் எங்கள் குழுவில் வந்த முதல் செய்தி மாமாவுடையது: "எனக்குத் தெரியும்." அடுத்த ஆட்டத்தையும் இழந்து, பிறகு நான்கை வரிசையாக வென்று, இறுதித் தொடருக்குப் போனார்கள். வாரியர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை ராப்டர்ஸ் 118க்கு 109 என்று வென்றபோது எப்படி மகிழ்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தோல்விக்குப் பழகிய முகபாவங்கள்தான் எல்லாரிடமும் தயாராக இருந்தன.

ஜூன் 13ஆம் திகதி ஓக்லாண்டில் ஆறாவது ஆட்டம். வென்றால் கிண்ணம். பேஸ்மென்டில் இம்முறை அம்மாவும் இருந்தார், அயல்வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கி முதலாவது கூடை லோரி, இரண்டாவது கூடை லோரி, மூன்றாவதும் லோரி. எதிரணி கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே எட்டுக்குப் பூச்சியம், எட்டும் அவருடையவை. எல்லாரும் கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் கைபேசி அதிர்ந்தது. மச்சான் எனக்கு மூன்றடி தூரத்தில், அதே சோபாவில் அமர்ந்திருந்தபடி குழுவில் எதையோ போட்டிருந்தான். திறந்து பார்த்தேன். ஏப்ரல் 13 இரவு நான் எழுதிய வரிப் படிவச் செய்தியை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தான். லோரி அன்று 26 புள்ளிகள் எடுத்தார், 114க்கு 110 என்று கிண்ணம் ரொறன்ரோவுக்கு வந்தது, அடுத்த மாதமே லெனார்ட் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். மச்சான் மட்டும் இன்றுவரை நிறுத்தவில்லை. ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் முதல் நாள் மாலை, நான் அலுவலகத்தில் எவருடையவோ படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, அந்தச் செய்தி குழுவுக்குள் வந்து விழுகிறது. லண்டன் சித்தி ஒவ்வோர் ஆண்டும் அதற்குச் சிரிப்புக் குறி போடுகிறார்.